ஒரு திங்கள் தொலைவு

என் கொழுந்தனின் மூத்த மருமகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் கோந்துதான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்தாள். வண்டி நம்பர், கடைப் பெயர், கண்ணாடிக் கதவில் ‘தள்ளு’, ‘இழு’ என்று வெட்டி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் நுனியெல்லாம் பசையாக இருக்கும். தம்ளரைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவள் அம்மா எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த வழியில் அவள் எனக்கு மகள், இந்த வழியில் மருமகள்.

கெட்டிக்காரி, ஆனால் பயந்தவள். அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்டிக்கர் கடையில் சேர்ந்த புதிதில் ஒரு பல் டாக்டருக்குப் பெயர்ப்பலகை ஒட்டினாள். வெட்டும்போது ‘ல்’லின் மேல் இருக்க வேண்டிய புள்ளி எங்கோ பறந்துவிட்டது. ‘பல மருத்துவமனை’ என்று பலகை ஏறிவிட்டது. பல்வலிக்காரர்கள் தாண்டிப் போனார்கள், கால் உடைந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கடைக்கு வந்து கத்திய கத்தலை அவள் இன்றைக்கும் சொல்லுவாள். அன்றிலிருந்து எந்த எழுத்தை வெட்டினாலும் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். படுத்த பிறகும் ஒரு புள்ளி விட்டுப்போனதோ என்று எழுந்து உட்காருவாள். அவள் புருஷன், என் கொழுந்தன் மகன், லிஃப்ட் மெக்கானிக். “புள்ளியெல்லாம் காலைல பார்த்துக்கலாம், படு” என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வானாய்வு நிலையத்துக்கு அவள் போனதும் ஸ்டிக்கர் ஒட்டத்தான். மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய கட்டடம் அது. பெரிய தொலைநோக்கிகள் வானத்தை எடுக்கிற படங்களும், அவற்றிலிருந்து கணக்குப் போட்டு வைத்த எண்களும் அங்கே வந்து சேரும். தரவு என்று சொல்கிறார்கள். முன்பெல்லாம் அதைப் பார்க்க அனுமதி வேண்டும், படித்த படிப்பைக் காட்ட வேண்டும். பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, வானம் எல்லோருக்கும் பொது, படமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழித்துக் கணினிகளை வரிசையாக வைத்தார்கள். வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்கவும் ஒரு பக்கம் திறந்தார்கள்.

அந்த அறையின் கண்ணாடிக் கதவில் ‘அனைவரும் வரலாம்’ என்று ஒட்டப் போனவள், ஒட்டி முடித்தும் கிளம்பவில்லை. உள்ளே திரையில் ஒரு படம். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள்.

“இதுல எந்தப் புள்ளிய விட்டாலும் திட்டு விழுமா?” என்று கேட்டிருக்கிறாள்.

கூட நின்ற, நிலையத்தின் டைரக்டரம்மா சிரித்துவிட்டார். “விட்டா பரவாயில்ல. இல்லாத புள்ளிய வெச்சாத்தான் திட்டு.”

அந்தப் பேச்சில் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தைத் தமிழில் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. படித்தவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்து, கட்டத்துக்குள் அடக்கி, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லைப் போட வேண்டும். இவள் சேர்ந்தாள். என் ஓரகத்தி, அதாவது இவள் மாமியார், அக்கம்பக்கத்தில் “எங்க மருமக வானத்துல வேலை பார்க்கறா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தமிழ்ப் பக்கம் வந்த பிறகு அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர் ஒருவர், வேலை முடிந்ததும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வருவார். நேற்றுப் படத்தையும் இன்றைக்குப் படத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். எதையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் வராத நாளில் கோந்துவின் கண் கதவையே பார்க்கும்.

அந்தப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. பூமிக்குப் பக்கமாகக் கடந்துபோகிற விண்கற்களின் அட்டவணை. கல்லின் அடையாள எண், பருமன், எவ்வளவு தூரத்தில் கடக்கிறது. விண்வெளித் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் பூஜ்யம் போட்டு மாளாது. அதனால் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே இருக்கிற தூரத்தையே ஒரு முழம் மாதிரி வைத்து அளப்பார்களாம். இரண்டு நிலாத் தூரம், பத்து நிலாத் தூரம் என்று.

இவள் முதலில் ‘1 நிலா’ என்றுதான் போட்டாள். போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். பக்கத்து அட்டவணையில் ஒவ்வொரு கிரகத்துக்கும் எத்தனை நிலா என்று கணக்கு இருக்கிறது. கல்லுக்கு எதிரே ‘1 நிலா’ என்று போட்டால், அந்தக் கல்லைச் சுற்றி ஒரு நிலா சுற்றுகிறது என்று நினைத்துவிட மாட்டார்களா? அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் படித்த சொல் ஞாபகம் வந்தது. திங்கள். நிலாவுக்கு நல்ல தமிழ்ச் சொல். சொல் சரிபார்க்க வருகிற தமிழாசிரியர் பார்த்துவிட்டு, “ஆகா, திங்கள்! என்ன அழகு!” என்று கண்ணை மூடிக்கொண்டார். டைரக்டரம்மாவும் சரி என்றார். அட்டவணை ஏறியது.

‘தொலைவு: 1 திங்கள்.’

எல்லாப் புள்ளியும் சரியாக இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் அவள்தானே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோப்பு வாங்க மளிகைக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். அரிசி மூட்டையை ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் மெழுகுவத்தியை வாரிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, கடைல இவ்வளவு கூட்டம்?”

கடைக்காரர் தராசிலிருந்து தலை எடுக்கவில்லை. “தெரியாதா? திங்கக்கிழமை கல்லு விழுது.”

“என்ன கல்லு?”

“வானத்துல இருந்தும்மா. ஆறு மாடி உசரமாம். கவர்மென்ட்டே போட்டிருக்கான்.”

வரிசையில் நின்ற கண்ணாடி போட்ட ஒருவர் குறுக்கிட்டார். “திங்கக்கிழமை இல்லைங்க. சரியாப் படிங்க. ஒரு திங்கள்னா ஒரு மாசம். இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

“ஒரு மாசம் இருந்தா நீங்க ஏன் சார் இன்னிக்கே பத்து கிலோ பருப்பு வாங்கறீங்க?”

கூட்டம் சிரித்தது. கடைக்காரர் கைபேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ அட்டவணையில் அந்தக் கல்லின் வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்பியிருந்தார்கள். மேலே தலைப்பில்லை, கீழே விளக்கமில்லை. ‘தொலைவு: 1 திங்கள்.’ அவள் தேர்ந்தெடுத்த எழுத்துரு, அவள் போட்ட கட்டம்.

கோந்து சோப்பை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

இதில் இன்னொரு கொடுமை. அந்தக் கல் கடந்துபோகிற நாளும் திங்கட்கிழமையாகவே அமைந்துவிட்டது. திங்கட்கிழமை ஒன்றும் இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே என் ஓரகத்தி கூடத்தில் துணிமணிகளைப் பரப்பி வைத்திருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் ஒரு பையைக் கொடுத்து மாத்திரைகளை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள்.

“திங்கக்கிழமை யாரும் வெளிய போகக் கூடாது” என்றாள் ஓரகத்தி. “உன் நாத்தனாருக்கும் போன் போட்டுட்டேன், நாளைக்கே வந்துடுவா. டேய், உனக்குத்தான் சொல்றேன், லிஃப்ட்டு கிஃப்ட்டுன்னு கிளம்பிடாதே.”

“ஏம்மா, மேல இருந்து விழற கல்லுக்கு லிஃப்ட்டுக்குள்ள இருந்தா என்ன, வீட்டுக்குள்ள இருந்தா என்ன?”

“விழுந்தா எல்லார் மேலயும் ஒண்ணா விழட்டும். ஆளுக்கொரு பக்கம் தேடிக்கிட்டு யார் அலையறது?”

கோந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாப்பிடவில்லை. தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் சொன்னாள்.

“அத்தை, அது நான் எழுதினது.”

“எது?”

“திங்கள்னு போட்டது நான்தான். நிலான்ற அர்த்தத்துல போட்டேன். நிலா எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துல அந்தக் கல்லு போகுதுன்னு.”

“அப்போ திங்கக்கிழமை வரலையா?”

“திங்கக்கிழமைதான் வருது. ஆனா அந்தத் திங்கள் வேற, இந்தத் திங்கள் வேற.”

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். மடித்த புடவையை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நீ எழுதினதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் நம்பியே இருக்க மாட்டேனே!”

புருஷன்காரன் சிரித்துவிட்டான். இவளால் சிரிக்க முடியவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு எழுதினவளைத் தெரியும். தெருவில் இருப்பவர்களுக்கு யாரைத் தெரியும்?

அவள் மேசையில் உட்கார்ந்தபடியே அந்த ஒரு சொல்லைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும். ‘திங்கள்’ எடுத்து ‘நிலாத் தூரம்’ போட இரண்டு தட்டுத்தான். சனிக்கிழமை காலை முதல் வேலையாக விரலை வைத்தும் விட்டாள். வைத்த விரலை எடுத்துக்கொண்டாள். பழைய வரி ஊர் முழுக்கக் கைபேசியில் இருக்கிறது. பக்கத்தில் வேறு மாதிரி இருந்தால் என்ன சொல்வார்கள்? மறைத்துவிட்டார்கள் என்பார்கள். எழுந்து நேரே டைரக்டரம்மா அறைக்குப் போனாள்.

அவருக்குச் செய்தி முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காரும்மா. தமிழ்ப் பக்கத்தை இப்போதைக்கு எடுத்துடலாம்னு இருக்கேன். கீழ் ரூமையும் பூட்டிடலாம். செவ்வாக்கிழமை பார்த்துக்கலாம்.”

“செவ்வாக்கிழமை திரும்பத் திறப்பீங்களா மேடம்?”

டைரக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க. திறந்துவிட்டதே தப்புன்னு மொதல்ல இருந்து சொல்லிட்டிருக்கவங்க. அவங்க கைக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு.”

கோந்துவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று கண்முன் வந்து நின்றது. டயர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பூட்டின கதவில் ‘அனைவரும் வரலாம்’ என்று படித்துவிட்டுத் திரும்பிப் போவது.

“மேடம், தப்பு நான் பண்ணினது. என்னை வேணா நிறுத்திடுங்க. பக்கத்தை எடுக்காதீங்க. எடுத்தா கல்லு நிஜமாவே விழுதுன்னு ஆயிடும். பூட்டறதப் பார்த்தா யார்தான் பயப்பட மாட்டாங்க?”

“அப்போ என்ன பண்ணச் சொல்றே?”

“திங்கள்ங்கற சொல்லை அடிச்சுட்டு, அடிச்சது தெரியற மாதிரியே விட்டுடலாம். பக்கத்துலயே சரியானதைப் போட்டு, இது எங்க தப்புன்னு எழுதலாம்.”

“அது போதுமா?”

போதாது என்று இருவருக்கும் தெரியும். அவள் கையைப் பிசைந்துகொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

“திங்கக்கிழமை படம் வருமில்ல? உங்களுக்கு வரும்போதே ஜனங்களுக்கும் காட்ட முடியுமா?”

அது அதுவரை நடக்காத காரியம். படங்கள் முதலில் ஆய்வாளர்களிடம் போகும். அவர்கள் பார்த்து, சரிசெய்து, மாதங்கள் கழித்துத்தான் பொதுப் பக்கத்துக்கு வரும். டைரக்டரம்மா ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்தார். யார் யாரிடமோ பேசினார். ஒருவரிடம் கெஞ்சினார், ஒருவரிடம் குரலை உயர்த்தினார். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, “ஒரு நாளைக்கு மட்டும். ஏதாவது ஆச்சுன்னா இந்த ரூம் கதை முடிஞ்சது” என்றார்.

திங்கள் என்ற சொல்லின் மேல் கோடு விழுந்தது. பக்கத்தில் ‘நிலாத் தூரம்’ என்று வந்தது. கீழே, ‘இது எங்கள் பிழை. கிழமையும் இல்லை, மாதமும் இல்லை. கல் பூமியின் மேல் விழாது. திங்கட்கிழமை மதியம் அது கடந்துபோவதை எங்களோடு சேர்ந்து நீங்களும் பார்க்கலாம்’ என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்காரர் அதையும் படித்தார்.

“அடிச்சிட்டான் பார்த்தீங்களா? ஏன் அடிச்சான்?” என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

திங்கட்கிழமை மதியம் அந்த அறையில் நிற்க இடமில்லை. டயர்க்காரர் முன்வரிசையில். மளிகைக் கடைக்காரர் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பருப்பு வாங்கினவர் ஓர் ஓரமாக. என் ஓரகத்தியும் நானும் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தோம். யாரும் வெளியே போகக் கூடாது என்று சொன்னவளே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் கையில் ஒரு துணிப்பை. உள்ளே நுழைந்ததும் அதிலிருந்து மகனுடைய வேலைத் தொப்பியை, அந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

“போட்டுக்கோ.”

“அத்தை! எல்லாரும் பார்க்கறாங்க.”

“நீ எழுதினதை நான் நம்பறேன். கல்லை நம்ப முடியாது. போட்டுக்கோ.”

அவள் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

இங்கே பகல். உலகத்தின் மறுபக்கத்தில் இருட்டு. அங்கே இருக்கிற தொலைநோக்கி எடுக்கிற படம் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தது. ஒவ்வொரு படத்திலும் முன்கூட்டியே ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். கல் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட இடம். நட்சத்திரங்கள் புள்ளிகளாகத் தெரியும். கல் வேகமாகப் போவதால் ஒரு சின்னக் கீறலாகத் தெரியும்.

“வட்டத்துக்குள்ள கீறல் இருந்தா அது சொன்ன வழியில போகுதுன்னு அர்த்தம்” என்றாள் கோந்து.

“இல்லைன்னா?” என்றார் மளிகைக் கடைக்காரர்.

“இல்லைன்னா எங்களுக்கும் உங்களுக்கும் ஒண்ணாத்தான் தெரியும்.”

முதல் படம். வட்டத்துக்குள் கீறல். அடுத்தது, அதற்கடுத்தது. கீழே தூரம் குறைந்துகொண்டே வந்தது. நிலாத் தூரத்துக்கு நெருங்க நெருங்க அறையில் பேச்சு அடங்கியது.

அடுத்த படத்தில் வட்டம் காலியாக இருந்தது.

கீறலும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. திரை முழுக்கச் சாம்பல். பின்னாலிருந்து ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. “எங்க போச்சு?” என்று யாரோ கத்தினார். மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். டைரக்டரம்மாவின் கை திரையின் பொத்தானை நோக்கிப் போனது. அவருக்கும் பயம்தான், பாவம்.

“அணைக்காதீங்க மேடம்” என்றாள் கோந்து. மேலதிகாரியின் கையைப் பிடித்துவிட்டாள் என்பது அவளுக்கே அப்போது தெரியவில்லை. “தெரியலைன்னா தெரியலைன்னுதான் காட்டணும்.”

டயர்க்காரர் திரும்பாமலே, “நட்சத்திரமும் காணோம் பாருங்க. மேகம் வந்திருக்கும். எனக்கும் பழைய படத்துல இப்படி வந்திருக்கு” என்றார்.

“மேகமா இல்லைன்னா?”

மளிகைக் கடைக்காரர் கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு சாம்பல் படம் வந்தது. ஓரகத்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. கோந்துவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன். பிறகு கேட்டதற்கு, அந்த அறிவிப்பில் எழுதின வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எங்காவது புள்ளி விட்டுப்போனதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

பிறகு சாம்பல் விலகியது. முதலில் மங்கலாகச் சில நட்சத்திரங்கள். அடுத்த படத்தில் வட்டம், அதன் உள்ளே, கொஞ்சம் மெலிந்து, அந்தக் கீறல். கீழே தூரம் ஏற ஆரம்பித்திருந்தது.

“போகுது” என்றார் டயர்க்காரர்.

யாரும் கை தட்டவில்லை. மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. மளிகைக் கடைக்காரர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? கொசு மாதிரி இருக்கு.”

“அதுக்குத்தான் அண்ணே மெழுகுவத்தியெல்லாம் வித்தீங்க” என்றாள் கோந்து. மூன்று நாளில் அவள் பேசிய முதல் கேலி அது.

அறையைப் பூட்டவில்லை. அந்தப் படங்கள் வந்த அன்று தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தவர்கள் அதுவரை பார்த்த எல்லோரையும்விட அதிகம் என்று டைரக்டரம்மா மேலே எழுதி அனுப்பினாராம். இனி கல் கடக்கும்போதெல்லாம் படம் வந்தவுடனே எல்லோருக்கும் காட்டலாம் என்று பதில் வந்தது. கூடவே, தமிழ்ச் சொற்களைக் கவனமாகப் போடவும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் இவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அடிக்கப்பட்ட திங்கள் இன்றும் அட்டவணையில் அப்படியே நிற்கிறது. எடுக்கலாம் என்றார்கள், இவள் விடவில்லை.

இப்போது எந்தப் புதுச் சொல்லைப் போடுவதானாலும் நேரே சமையலறைக்கு வருகிறாள். படித்தவர்கள் காதில் போடுவதற்கு முன்னால் என் ஓரகத்தி காதில் போட வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது, சொல்லை மட்டும் சொல்ல வேண்டும். போன வாரமும் அப்படி வந்து நின்றாள். கிரகங்களின் அட்டவணையைப் புதிதாக எழுதுகிறார்களாம்.

“அத்தை, கோள்னா உங்களுக்கு என்ன தோணுது?”

“கோள் மூட்டறது. உன் நாத்தனார் வேலை.”

இவள் முகம் விழுந்துவிட்டது. “சரி, கிரகம்னா?”

“நம்ம தலைல உக்காந்துக்கிட்டு ஆட்டி வைக்குமே, அது. ஏன், யாருக்காவது நேரம் சரியில்லையா?”

கோந்து கதவு நிலையில் சாய்ந்து நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். பசை போய் எத்தனையோ வருஷமாகியும் விரல் வாயை விட்டு வரவில்லை. அட்டவணை மறுநாள் காலையில் ஏற வேண்டும்.